மரகதம், உரம், நீர்த்தேக்கம்: புதிய பொருள்களைக் கண்டறிவதில் குவாண்டம் கணினியியல் முறைகள் – ஓர் அறிமுகம்

ஆய்வுச் சுருக்கம்

புதிய வினையூக்கிகள், மின்கலப் பொருள்கள், மீக்கடத்திகள் ஆகியவற்றை ஆய்வகத்தில் உருவாக்கும் முன்பே கணக்கீட்டின் வழி இனங்காணும் முயற்சி அறுபது ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. இம்முயற்சியில் செவ்வியல் கணினிகள் பெரும் வெற்றி கண்டுள்ளன. எனினும் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று வலுவாகப் பாதிக்கும் பொருள்களில் அவற்றின் கணக்கீடு பிழைபடுகிறது. அவ்விடத்தில் குவாண்டம் கணினி என்ன செய்யக்கூடும், இதுவரை என்ன செய்துள்ளது, எதைச் செய்யவில்லை என்பதை நீலகிரி மாவட்டம் எமரால்டு பகுதியோடு தொடர்புடைய மூன்று சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குவாண்டம் கணினி, கியூபிட், பொருளறிவியல், அடர்த்திச் சார்பியக் கொள்கை, பிழைத்திருத்தம், வினையூக்கி, மின்சேமிப்பு, எமரால்டு.

1. முன்னுரை

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, குந்தா நீர்மின் திட்டத்தின் ஓர் உறுப்பாக அமைந்தது எமரால்டு நீர்த்தேக்கம். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா மின்திட்டம் தமிழகத்தின் மின்வளர்ச்சியில் முக்கியமான ஒரு கட்டமாகும். நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் பூண்டும் விளைகின்றன. ஊரின் பெயரோ ஒரு மணிக்கல்லின் ஆங்கிலப் பெயர். தமிழில் அது மரகதம்.

அக்கல்லின் பச்சை நிறம், வயலுக்கு இடப்படும் தழைச்சத்து உரம், நீராகச் சேமிக்கப்படும் மின்னாற்றல் ஆகிய மூன்றும் தம்முள் தொடர்பற்றவை போலத் தோன்றும். ஆயின் மூன்றின் அடியிலும் ஒரே வினா நிற்கிறது: குறிப்பிட்ட அணுக்களின் அமைப்பில் எலக்ட்ரான்கள் எத்தகைய ஆற்றல் நிலைகளில் இருக்கும்? இவ்வினாவிற்குத் துல்லியமான விடை கிடைக்குமாயின், பொருளை உருவாக்கிப் பார்க்காமலேயே அதன் நிறம், கடத்துதிறன், வினைத்திறன், சேமிப்புத்திறன் ஆகியவற்றை முன்னறியலாம். குவாண்டம் கணினியைப் பொருளறிவியலார் எதிர்நோக்குவதன் காரணம் இதுவே.

செய்தி ஊடகங்களில் இத்துறை பற்றி வெளிவரும் கூற்றுகள் பெரும்பாலும் மிகையானவை. அவற்றை அப்படியே ஏற்பதும் முற்றாகப் புறந்தள்ளுவதும் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு மாணவருக்கு ஒருங்கே இழப்பையே தரும். ஆகவே, உறுதியாக அறியப்பட்டவற்றை வரிசைப்படுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மரகதத்தின் நிறமும் ஆற்றல் இடைவெளியும்

மரகதம் என்பது பெரில் எனும் கனிமத்தின் ஒரு வகை. பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகிய தனிமங்களால் ஆன தூய பெரில் நிறமற்றது. அதில் சில அலுமினிய அயனிகளின் இடத்தில் குரோமியம் அயனிகள் அமரும்போது பச்சை நிறம் தோன்றுகிறது. வியப்பு என்னவெனில், மாணிக்கத்தின் செந்நிறத்திற்கும் அதே குரோமியம் அயனியே காரணம். இரண்டிலும் அந்த அயனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் அணுக்களே உள்ளன.

வேறுபாடு எங்கே? சுற்றியுள்ள ஆக்சிஜன் அணுக்களின் மின்புலம் குரோமியத்தின் ஐந்து டி-ஆர்பிட்டால்களை இரு தொகுதிகளாகப் பிரிக்கிறது. மேல்நிலை வகுப்புப் பாடநூல்களில் படிகப்புலக் கொள்கை என இது கற்பிக்கப்படுகிறது. அவ்விரு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட ஆற்றல் இடைவெளி மாணிக்கத்தில் ஏறத்தாழ 2.23 எலக்ட்ரான் வோல்ட். மரகதத்தில் ஏறத்தாழ 2.05 எலக்ட்ரான் வோல்ட். இந்த 0.18 எலக்ட்ரான் வோல்ட் வேறுபாடு உட்கவரப்படும் ஒளியின் பட்டையை நகர்த்துகிறது, சிவப்பு பச்சையாகிறது.

வேதிவினைகளை முன்கணிக்க இதைவிடவும் நுண்மை தேவை. கணக்கிடப்படும் ஆற்றலில் ஒரு மோலுக்கு 1 கிலோகலோரிக்கு மேல் பிழை இருத்தலாகாது என்பதே வேதியியலார் வகுத்துக்கொண்ட அளவுகோல். அது ஏறத்தாழ 0.043 எலக்ட்ரான் வோல்ட். அதாவது மாணிக்கத்தையும் மரகதத்தையும் பிரிக்கும் வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில், வினையின் கிளர்வுறு ஆற்றலைக் கணிப்பதில் 1.4 கிலோகலோரி அளவு பிழை நேர்ந்தாலே, வினைவேகம் பற்றிய கணிப்பு பத்து மடங்கு தவறிவிடும். புதிய வினையூக்கியைத் தேடுவோருக்குப் பத்து மடங்கு என்பது பயன்படும் பொருளுக்கும் பயன்படாப் பொருளுக்கும் உள்ள தொலைவாகும்.

3. செவ்வியல் கணினிகள்: வெற்றியும் எல்லையும்

எலக்ட்ரான்களின் இயக்கத்தை விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926-இல் வெளியானது. வேதியியலுக்குத் தேவையான அடிப்படை விதிகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன, அச்சமன்பாடுகளைத் தீர்ப்பதே இடர் என 1929-இலேயே டிராக் சுட்டிக்காட்டினார். அந்த இடர் எத்தகையது என்பதை எண்ணிக்கையால் உணரலாம்.

ஓர் எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் 'உண்டு' அல்லது 'இல்லை' எனக் குறித்தால், 30 இடங்களுக்கு 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107 கோடிக்கும் மேற்பட்ட அமைவுகள் தோன்றும். ஒவ்வோர் அமைவின் வீச்சையும் 16 பைட்டுகளில் பதிந்தால் 17 ஜிகாபைட் நினைவகம் போதும். நல்ல மேசைக்கணினியே இதைத் தாங்கும். 40 இடங்களுக்கு 17 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். 50 இடங்களுக்கு அமைவுகள் 11 கோடி கோடியைத் தாண்டும். நினைவகத் தேவை 18 பெட்டாபைட் அளவை எட்டும். ஒவ்வோர் இடம் கூடும்போதும் சுமை இரட்டிக்கிறது என்பதால், பெரிய கணினியை வாங்குவது இதற்குத் தீர்வாகாது.

இச்சுவரைச் சுற்றிச் செல்லும் வழியை 1964-இல் ஓயன்பர்க்கும் கோனும், 1965-இல் கோனும் ஷாமும் அமைத்தனர். எல்லா எலக்ட்ரான்களின் கூட்டு அலைச்சார்பைத் தேடாமல், இடத்திற்கு இடம் எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்பதை மட்டும் கொண்டு தாழ்நிலை ஆற்றலைப் பெறலாம் என்பதே அடர்த்திச் சார்பியக் கொள்கை. வால்டர் கோனுக்கு 1998-இல் வேதியியல் நோபல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் நிகழும் கணக்கீட்டுப் பொருளறிவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி இக்கொள்கையின் மேல் நிற்கிறது.

எனினும் இக்கொள்கையில் ஓர் உறுப்பு தோராயமாகவே அறியப்படுகிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகரும் பாங்கு வலுவாக உள்ள பொருள்களில் அத்தோராயம் தளர்கிறது. நிக்கல் ஆக்சைடு இதற்கு முன்னோடிச் சான்று. எளிய பட்டைக் கொள்கையின்படி அது கடத்தியாக இருத்தல் வேண்டும். உண்மையிலோ அது மின்காப்புப்பொருள். 1937-இலேயே இம்முரண் சுட்டப்பட்டது.

இதே வலுத்தொடர்பே 1986-இல் பெட்னார்ஸ், முல்லர் ஆகியோர் கண்ட தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளிலும் மையமாக விளங்குகிறது. இவ்விடத்தில் தமிழகத்தின் பங்களிப்பு நினைக்கத்தக்கது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தோடு நீண்டகாலத் தொடர்புடைய இயற்பியலாளர் கணபதி பாஸ்கரன், ஃபிலிப் ஆண்டர்சனுடன் இணைந்து 1987-இல் ஒத்திசை இணைதிறன் பிணைப்பு அணுகுமுறையில் இம்மீக்கடத்திகளுக்கு விளக்கம் தர முனைந்தார். அவ்விவாதத்தின் கணித அடித்தளமான ஹப்பார்டு மாதிரி எழுத எளியது; இரு பரிமாணத்தில் அதற்கு முழுமையான தீர்வு இன்றும் இல்லை.

4. குவாண்டம் கணினியின் வழி

இயற்கை குவாண்டம் விதிகளின்படி இயங்குவதால், அதைப் போன்மித்துக் காட்டும் கருவியும் அவ்விதிகளின்படியே இயங்குதல் நன்று என 1981-இல் ரிச்சர்டு ஃபைன்மேன் ஓர் உரையில் முன்மொழிந்தார். 1996-இல் சேத் லாயிடு அக்கருத்திற்கு முறையான நிறுவல் தந்தார்.

செவ்வியல் பிட் 0 அல்லது 1 ஆக இருக்கும். கியூபிட் அவ்விரண்டின் மேற்பொருந்து நிலையில் இருக்கவல்லது. பல கியூபிட்டுகள் பின்னிப் பிணையும்போது, 50 கியூபிட்டுகள் மேற்கூறிய 11 கோடி கோடி வீச்சுகளையும் தம் நிலையிலேயே தாங்குகின்றன. ஆயினும் ஒரு தவறான புரிதலை இங்கு விலக்க வேண்டும். அளவிடும்போது அத்தனை வீச்சுகளும் நமக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஓர் அமைவுதான் கிடைக்கும். எனவே குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒருசேரச் சோதித்துத் தருகிறது என்பது பிழையான விளக்கம். வேண்டாத வீச்சுகள் ஒன்றையொன்று அழித்து, வேண்டியவை வலுப்பெறுமாறு செயல்களை அடுக்குவதே நெறிமுறையின் திறன்.

பொருளைக் கணக்கிடும் பணி மூன்று படிகளில் நிகழ்கிறது. முதற்படி மொழிபெயர்ப்பு: எலக்ட்ரான்களுக்கான சமன்பாட்டைக் கியூபிட்டுகளின் மொழிக்கு மாற்றுதல். இதற்கு உதவும் ஜோர்டான்–விக்னர் உருமாற்றம் 1928-இல், கணினிகளுக்கு வெகு முன்பே, தோன்றியது. இரண்டாம் படி, தாழ்நிலைக்கு அண்மையான ஒரு தொடக்க நிலையை அமைத்தல். மூன்றாம் படி, ஆற்றலைப் படித்தறிதல்.

ஆற்றலைப் படித்தறிய இரு பெரும் நெறிகள் உள்ளன. ஒன்று, கட்ட மதிப்பீடு. குவாண்டம் நிலை காலத்தோடு சுழலும் வேகமே அதன் ஆற்றல் என்பதால், அச்சுழற்சியை அளந்து ஆற்றலைப் பெறுவது இம்முறை. இது துல்லியமானது, ஆனால் நெடிய செயல்தொடரைப் பிழையின்றி இயக்கவல்ல கணினியை வேண்டுவது. மற்றொன்று, 2014-இல் அறிமுகமான மாறுபாட்டு முறை. இதில் குவாண்டம் கணினி ஒரு குறுகிய செயல்தொடரால் ஒரு நிலையை உருவாக்கி ஆற்றலை அளக்கிறது. செவ்வியல் கணினி அவ்வளவைப் பெற்று அளபுருக்களைத் திருத்தித் திருப்பி அனுப்புகிறது. ஆற்றல் இனியும் குறையாத வரை இச்சுழற்சி தொடர்கிறது. எந்த ஒரு தேர்வுநிலையின் ஆற்றலும் உண்மையான தாழ்நிலை ஆற்றலைவிடக் குறைய இயலாது என்பதே இதற்கு அரண்.

5. இதுவரை நிகழ்ந்தவை

2005-இல் ஆஸ்புரு-குசிக் குழுவினர், நீர், லித்தியம் ஹைட்ரைடு ஆகிய சிறு மூலக்கூறுகளைக் கொண்டு இம்முறையின் இயலுமையைச் செவ்வியல் கணினியில் போன்மித்துக் காட்டினர். 2017-இல் ஐபிஎம் குழு, ஹைட்ரஜன், லித்தியம் ஹைட்ரைடு, பெரிலியம் ஹைட்ரைடு ஆகியவற்றின் ஆற்றலை ஆறு கியூபிட்டுகள் வரை பயன்படுத்திக் கணக்கிட்டது. 2020-இல் கூகுள் குழு 12 கியூபிட்டுகளில் 12 ஹைட்ரஜன் அணுக்களின் சங்கிலியை ஆராய்ந்தது. அண்மையில் ஐபிஎம், ஜப்பானின் ரிக்கென் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 77 கியூபிட்டுகள் வரை பயன்படுத்தி, ஃபுகாக்கு மீக்கணினியின் துணையோடு இரும்பு–கந்தகக் கொத்துகளை ஆராய்ந்துள்ளனர்.

இவை சிறந்த அறிவியல் சோதனைகள். எனினும் இவற்றுள் எதுவும் செவ்வியல் கணினியால் அறியவியலாத புதிய பொருள் ஒன்றை உலகிற்குத் தரவில்லை. இவ்வுண்மையைத் தெளிவாகக் கூறுவது துறையைச் சிறுமைப்படுத்துவதாகாது. நிற்கும் இடத்தை அறிந்தாலன்றிச் செல்லும் தொலைவை அளக்க இயலாது.

6. இரு நடைமுறை வினாக்கள்

6.1 உரம்

நீலகிரியின் தேயிலைக்கும் மலைக்காய்கறிகளுக்கும் இடப்படும் தழைச்சத்து உரங்களின் மூலம் அம்மோனியா. ஏபர்–போஷ் முறையில் அது ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் உருவாகிறது. உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் 1 முதல் 2 விழுக்காடு வரை இதற்கே செலவாகிறது. அதே மலைச்சரிவில் பட்டாணி, அவரைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இவ்வினையை மண்ணின் இயல்பான வெப்பத்திலேயே நிகழ்த்துகின்றன. நைட்ரோஜினேஸ் நொதியின் நடுவே அமைந்த, ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், ஒரு கார்பன் அணுக்களாலான கொத்தே அதன் வினைக்களம்.

அக்கொத்தின் எலக்ட்ரான்கள் வலுத்தொடர்புடையவை. 2017-இல் ரைஹர் குழு, 54 எலக்ட்ரான்களை 54 ஆர்பிட்டால்களில் வைத்து இதை ஆராய்வதற்கான குவாண்டம் வளங்களை மதிப்பிட்டது. ஒவ்வோர் ஆர்பிட்டாலுக்கும் இரு தற்சுழற்சி இடங்கள் உண்டு என்பதால் ஆற்றல் கணக்கீட்டின் கருவுக்கு 108 கியூபிட்டுகள் வேண்டும். அமைவுகளின் எண்ணிக்கையோ 1-க்குப் பின் 30 சுழியங்கள் கொண்ட எண்ணை எட்டும். 2021-இல் வெளியான திருத்திய மதிப்பீடு, ஏறத்தாழ 40 இலட்சம் இயற்பியல் கியூபிட்டுகளும் நான்கு நாள்களுக்கும் குறைந்த நேரமும் போதும் என்றது.

நூற்றைச் சற்றுத் தாண்டிய தேவை 40 இலட்சமாவது ஏன்? கியூபிட்டுகள் வெப்பத்தாலும் அதிர்வாலும் தகவலை இழப்பவை. பல இயற்பியல் கியூபிட்டுகளை ஒன்றிணைத்துப் பிழை பொறுக்கும் ஒரே தருக்கக் கியூபிட்டை அமைக்க வேண்டியுள்ளது. கணக்கீட்டின் இடைவேலைகளுக்கும் கூடுதல் கியூபிட்டுகள் தேவை. 2024 திசம்பரில் கூகுள் அறிவித்த 105 கியூபிட் வில்லோ சில்லு, பிழைத்திருத்தக் கட்டம் மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு எனப் பெருகும்போது பிழை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதைக் காட்டியது. பாதை சரியானது என்பதற்கு அது சான்று. பயணம் முடிந்தது என்பதற்கன்று.

6.2 மின்சேமிப்பு

போர்த்திமந்து நீர்த்தேக்கத்தை மேல்தேக்கமாகவும் அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கத்தைக் கீழ்த்தேக்கமாகவும் கொண்டு, 125 மெகாவாட் அலகுகள் நான்கினால் 500 மெகாவாட் திறனுடைய குந்தா நீரேற்று மின்திட்டம் வகுக்கப்பட்டது. மின்சாரம் மிகும்போது நீரை மேலேற்றி, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் பெறுவது அதன் முறை. எனவே எமரால்டு ஏரியை ஒரு பெரும் மின்கலத்தின் பாதி எனலாம்.

ஓர் எளிய கணக்கு இவ்விரு சேமிப்பு முறைகளையும் ஒப்பிட உதவும். ஒரு கனமீட்டர் நீர் 100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 0.27 யூனிட். ஒரு கிலோகிராம் லித்தியம்-அயனி மின்கலம் 0.2 யூனிட் அளவு சேமிக்கும். அதாவது 730 லிட்டருக்கு மேற்பட்ட நீர் 100 மீட்டர் இறங்கிச் செய்யும் பணியை ஒரு கிலோ மின்கலம் செய்கிறது. ஆயின் நீர்த்தேக்கம் பல பதின்மங்கள் நிலைக்கும். மின்கலம் சில ஆயிரம் சுழற்சிகளில் தளரும். நீரேற்றுத் திட்டத்திற்கோ மலையும் பள்ளத்தாக்கும் வேண்டும். சோலைக்காடுகளும் புல்வெளிகளும் கொண்ட மேல்நீலகிரியில் அத்தகைய இடங்களை அளவின்றிப் பெருக்குதல் இயலாது. மலிவும் நீடிப்பும் உடைய மின்கலப் பொருள்களைத் தேடுவது இம்மலைக்கும் தொடர்புடையதாவது இதனாலேயே.

லித்தியம் நிக்கல் ஆக்சைடு போன்ற நேர்மின்முனைப் பொருள்கள் நிக்கல் ஆக்சைடுக்கு உறவினவாகவே இருப்பதால், அடர்த்திச் சார்பியக் கொள்கை தடுமாறும் எல்லைக்குள் வருகின்றன. இத்தகைய படிகத்திற்கான குவாண்டம் வள மதிப்பீடுகள் 2023-இல் வெளியாயின. தனி மூலக்கூற்றைவிடத் திண்மப் படிகத்திற்கான தேவை பெரிதும் மிகுதி என அவை உணர்த்தின. அடுத்த படியாக வேண்டப்படுவது கணினியின் வளர்ச்சி மட்டுமன்று. நெறிமுறைகளின் செம்மையும் ஆகும்.

7. எதிர்வாதங்கள்

மூன்று எதிர்வாதங்கள் கருதத்தக்கன. முதலாவது, அளவீட்டுச் சுமை. மாறுபாட்டு முறையில் துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்ட, அளவீடுகளை நூறு மடங்கு கூட்ட வேண்டும். மேலும் கியூபிட்டுகள் பெருகும்போது, திருத்தத்திற்கு வழிகாட்டும் சரிவு மறைந்து தேடல் சமவெளியில் தேங்குவதை 2018-இல் மெக்ளீன் குழு நிறுவியது.

இரண்டாவது, செவ்வியல் முறைகளும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. 2023-இல் ஐபிஎம் 127 கியூபிட்டுகளில் நிகழ்த்திய காந்தமாதிரிக் கணக்கீட்டைச் சில வாரங்களுக்குள் பிற குழுக்கள் செவ்வியல் கணினியிலேயே செய்துகாட்டின. அதே ஆண்டில் கார்னெட் சான் உள்ளிட்டோர், தாழ்நிலை வேதிக்கணக்குகளில் அடுக்குக்குறி வேகமேம்பாடு பொதுவாகக் கிடைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் காட்டினர். நல்ல தொடக்கநிலையை அமைப்பதே கடினம் என்பது அவர்தம் வாதத்தின் மையம்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு. 2023-இல் கூகுள் டீப்மைண்ட் 22 இலட்சம் புதிய படிக அமைப்புகளை முன்கணித்து, அவற்றுள் 3.8 இலட்சம் நிலையானவை என்றது. அவற்றின் புதுமையையும் பயன்பாட்டையும் 2024-இல் சீத்தம், ராம் சேஷாத்ரி ஆகியோர் ஐயுற்று ஆராய்ந்தனர். இங்கு ஒன்றை உணர்தல் வேண்டும்: அந்நுண்ணறிவு பயின்ற தரவுகள் அடர்த்திச் சார்பியக் கணக்குகளே. ஆசான் பிழைபடும் இடத்தில் மாணவனும் பிழைபடுவான். எனவே குவாண்டம் கணினியின் மெய்யான பணி இலட்சக்கணக்கான பொருள்களைச் சலிப்பதன்று. பிற முறைகள் தடுமாறும் சில பொருள்களுக்கு நம்பத்தகுந்த உரைகல்லாக விளங்குவதே ஆகும்.

8. தமிழகச் சூழல்

2023 ஏப்பிரலில் ஒன்றிய அமைச்சரவை தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ரூ. 6,003.65 கோடி ஒப்புதல் வழங்கியது. 2030–31 வரை நீளும் இவ்வியக்கம் 50 முதல் 1,000 வரையிலான இயற்பியல் கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை இலக்காகக் கொண்டுள்ளது. அதன் நான்கு மையங்களில் கணினிக்குரியது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும், பொருள்களுக்குரியது தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், தகவல்தொடர்புக்குரியது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அமைந்துள்ளன.

மாநிலப் பல்கலைக்கழக மாணவர் குவாண்டம் கணினிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிஸ்கிட், பென்னிலேன் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு, முப்பது கியூபிட்டுகளுக்கு உட்பட்ட கணக்குகளை மேசைக்கணினியிலேயே போன்மிக்கலாம். எச்சேர்மங்களில் அடர்த்திச் சார்பியக் கொள்கை பிழைபடுகிறது எனப் பட்டியலிடுதல், அவற்றைச் சிறு மாதிரிகளாகச் சுருக்குதல், தொடக்கநிலைகளைச் செம்மைப்படுத்துதல் ஆகியவை இன்றே செய்யத்தக்க பணிகள். நல்ல கணினி வரும் நாளில் இவையே அதற்கு உள்ளீடாகும்.

9. முடிவுரை

எமரால்டுக்குச் செல்லும் வழியிலுள்ள முத்தோரையில் 1970-இல் உதகை வானொலித் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அக்கருவிக்கு, இடத்தின் அகலாங்குக்கு இணையாக ஏறத்தாழ 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் அதன் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகி, ஒரே திசைச் சுழற்சியால் விண்பொருளைப் பல மணிநேரம் பின்தொடர முடிகிறது. பிறர் கருவியைப் படியெடுக்காமல், இருக்கும் மலையை நோக்கி வினாவை அமைத்துக்கொண்டதே அதன் வெற்றி.

குவாண்டம் பொருளறிவியலிலும் நமக்கு வேண்டுவது அத்தகைய தெரிவே. குவாண்டம் கணினி நாளையே உரத்தையோ மின்கலத்தையோ தந்துவிடாது. ஆயின் அது எவ்வினாக்களுக்கு உரியது, எவற்றுக்கு உரியதன்று என்பது இன்று தெளிவாகி வருகிறது. ஒரு மரகதத்தையும் ஒரு மாணிக்கத்தையும் பிரிக்கும் நுண்ணிய ஆற்றல் வேறுபாட்டை நான்கு கூறாக்கி, அதில் ஒரு கூற்றினும் பிழையாமல் கணிப்பதே இலக்கு. அவ்விலக்கிற்கான சேர்மங்களைத் தெரிந்தெடுக்கும் பணியை நம் ஆய்வுத்துறைகள் இப்போதே தொடங்குதல் தகும்.